பென் டிரைவில் வரும் லினக்ஸ்: விண்டோஸ் 10 நின்றுபோன கணினிக்கு அடுத்து என்ன?

‘இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு பல வீட்டுக் கணினிகளின் திரையில் வந்து நிற்கிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே சர்வீஸ் கடையில் விசாரித்தாலும் மூன்றில் ஒரு பதில் கிடைக்கும்: புதிதாக வாங்கிவிடுங்கள்; இதையே ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது; லினக்ஸ் போட்டுத் தருகிறோம். மூன்றாவதைக் கேட்டதும், ‘உள்ளே இருக்கிற போட்டோ எல்லாம் போய்விடுமே’ என்று லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம், இரண்டு வேலைகளை ஒன்றாக நினைத்துக்கொள்வது. விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். அதை ஓட்டிப் பார்ப்பது வேறு, கணினியில் நிறுவுவது வேறு. ஓட்டிப் பார்க்க ஹார்ட் டிஸ்கில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை.

## நின்றது எது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்று எந்தக் கணினியும் அணைந்துவிடவில்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் நின்றன. அதன் விளைவு மெதுவாகத்தான் தெரியவரும்.

1. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ நிரலை நினைத்துப் பாருங்கள். அதற்கான திருத்தம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. திருத்தத்தைப் போடாத கணினிகளில்தான் அது புகுந்து பரவியது. இனி விண்டோஸ் 10-க்கு வழக்கமான திருத்தம் வராது.

2. அடுத்தபடியாக உலாவி கைவிடும். விண்டோஸ் 7-க்கு இதுதான் நடந்தது. 2020-இல் இயங்குதளத்தின் ஆதரவு முடிந்தது. 2023-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுகொண்டது. உலாவி பழசானால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். வீட்டுக்காரருக்கு ‘கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு’ என்று தோன்றுவது அப்போதுதான்.

வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் ஒரு நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது ஓராண்டு அவகாசம், அவ்வளவுதான்.

விண்டோஸ் 11-க்குப் போக 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பலருக்கு இடிப்பது ப்ராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்: ஐ5-7200யு என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 என்பதே தலைமுறை, எனவே தேறாது. ஐ5-8250யு தேறும். ஏழாம் தலைமுறைக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தகுதியற்றதாகிவிடுவது எரிச்சலான விஷயம்தான். லினக்ஸ் பக்கம் ஆட்கள் திரும்புவதற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம்.

## லினக்ஸ், டிஸ்ட்ரோ, டெஸ்க்டாப்: எது எது?

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் ஒரு கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்கும் கருப்பகுதி. ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கியது. அதை அப்படியே எடுத்து யாரும் பயன்படுத்த முடியாது. பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்தால் டீ ஆகாது. ஃபேக்டரிக்குப் போய் வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து வர வேண்டும். ஒரே தோட்டத்து இலை ஓர் ஆலையில் ஆர்த்தடாக்ஸ் டீயாகவும் இன்னொன்றில் சிடிசி டஸ்ட் டீயாகவும் வெளிவருகிறது. கெர்னலும் அப்படித்தான். கெர்னலோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, பயன்படுத்தத் தோதாகக் கட்டித் தருவதற்குப் பெயர் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக டிஸ்ட்ரோ. நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்கள் இருப்பதற்கும் புதியவர்கள் முதல் நாளிலேயே தலைசுற்றி விலகுவதற்கும் இதுவே காரணம்.

பரம்பரை தெரிந்தால் தேர்வு எளிது. 1993-இல் டெபியன். அதிலிருந்து 2004-இல் உபுண்டு. அதிலிருந்து 2006-இல் லினக்ஸ் மின்ட். இக்கட்டுரை மின்ட்டையே எடுத்துக்கொள்கிறது. இடது கீழ் மூலையில் மெனு, கீழே பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கைக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டில் வயதானவர்கள் பயன்படுத்தும் கணினி என்றால் வேறு எந்தச் சிறப்பையும்விட இதுவே பெரிது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு.

மின்ட்டைத் தரவிறக்கப் போனால் மூன்று டெஸ்க்டாப் வகை காட்டும். ‘சினமன்’ முழு அலங்காரத்தோடு வருவது, ‘எக்ஸ்எஃப்சிஇ’ எடை குறைந்தது, ‘மாட்டே’ இரண்டுக்கும் நடுவில். திரையின் தோற்றமும் சில துணைச் செயலிகளும்தான் வேறுபடும். உள்ளே இருப்பது ஒன்றே. மின்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி. 2 ஜிபியில் மின்ட் திறக்கும், ஆனால் உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தால் திணறும். அந்த நிலையில் டிஸ்ட்ரோ மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட ரேமைக் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடுவது நூறு மடங்கு மேல். 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய ப்ராசஸரில் மின்ட் 22 ஓடாது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. மாணவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு: கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. அங்கே ‘கைட்’ என்ற அரசு அமைப்பு உபுண்டுவைத் தழுவிய ஒரு வடிவத்தைப் பள்ளிகளுக்குத் தயாரித்துத் தருகிறது.

## நிறுவாமல் ஓட்டிப் பார்ப்பது

பென் டிரைவில் எழுதிய மின்ட்டைக் கொண்டு கணினியைத் தொடங்கினால், இயங்குதளம் பென் டிரைவிலிருந்தே ரேமுக்கு ஏறி ஓடும். இதற்கு லைவ் முறை என்று பெயர். ஹார்ட் டிஸ்க் தொடப்படாமல் கிடக்கும். அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவினால் பழைய விண்டோஸ் பழையபடி வரும்.

1. கோப்பை இறக்குவது. இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. மழைக்காலத்தில் டவர் வந்து வந்து போகும் ஊரில் இது ஒரு ராத்திரி வேலை. பாதியில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் டொரண்ட் வழி நல்லது. மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே இறங்கும் வேலை இருந்தால் அங்கேயே இறக்கிக்கொண்டு மலையேறுவது இன்னும் நல்லது. ஒருவர் இறக்கியதை ஹட்டி (ஊர்) முழுக்கப் பகிர்ந்துகொள்ளலாம். நகலெடுத்துக் கொடுப்பதை இதன் உரிமங்கள் அனுமதிக்கின்றன, திருட்டுக் காப்பி என்ற பேச்சுக்கே இடமில்லை.

2. சரிபார்ப்பது. தரவிறக்கப் பக்கத்தில் நீளமான ஓர் எண்ணெழுத்துச் சரம் தந்திருப்பார்கள். உங்கள் கோப்பிலிருந்து கணக்கிட்ட சரமும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் கோப்பு முழுமையானது. வெறும் சம்பிரதாயம் என்று இதை ஒதுக்க வேண்டாம். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் சொந்தத் தளத்தையே ஊடுருவி, தரவிறக்க வந்தவர்களை, ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். 

3. பென் டிரைவில் எழுதுவது. 8 ஜிபி போதும். சும்மா காப்பி செய்து போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தது முழுவதும் அழியும். இந்த முழு வேலையிலும் தானாகவே ஏதாவது அழியும் இடம் இது ஒன்றுதான், எனவே கல்யாண போட்டோ வைத்திருக்கும் பென் டிரைவை எடுக்காதீர்கள்.

4. அதிலிருந்து தொடங்குவது. கணினியைப் போட்டவுடன் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஆசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் முதலில் பயாஸுக்குள் (கணினியின் தொடக்க அமைப்புகள்) போய் அதை இயக்கிவிட வேண்டும். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும், வாங்கியவருக்கே தெரிந்திருக்காது. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பைப் பயாஸில் மாற்றினால் அடுத்தமுறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பயாஸைத் தொடும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மின்ட் செக்யூர் பூட்டோடு ஒத்துப்போகும் என்பதால் பெரும்பாலும் மாற்றவே தேவைப்படாது.

லைவ் திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொடாதவரை நிறுவல் நடக்காது. ஆனால் கோப்பு மேலாளர் வழியாக விண்டோஸ் டிஸ்கைத் திறந்து எதையாவது அழித்தால் அது நிஜமாகவே அழியும். வேகத்தையும் இங்கே எடைபோடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவது எப்போதும் மந்தமாகவே தெரியும்.

## லைவ் முறையில் எதைச் சோதிப்பது?

வால்பேப்பரையும் மெனுவையும் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கே’ என்று முடிவெடுப்பவர்கள்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடி விண்டோஸுக்கு ஓடுகிறார்கள். இயங்குதளத்தைச் சுற்றியிருக்கும் பொருள்களே உண்மையான தடை.

வைஃபை. பெரும்பாலான சில்லுகள் தாமாக வேலை செய்யும். சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகளுக்குத் தனி டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றிக்கொண்டு நிற்கும். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ என்ன வேண்டுமென்று தானே சொல்லும்.

பிரிண்டர். ஜெராக்ஸ் கடை, ஹோம்ஸ்டே, சின்ன அலுவலகம் எல்லாவற்றுக்கும் இது முக்கியம். ஏர்பிரிண்ட் வசதியுள்ள புதிய வைஃபை பிரிண்டர்கள் டிரைவரே இல்லாமல் வேலை செய்யும். நம் ஊர்க் கடைகளில் உழைக்கும் பழைய லேசர் பிரிண்டர்கள் வேறு ரகம். எச்பி லேசர்ஜெட் 1020-இன் மூளை, சுவிட்சைப் போடும்போதெல்லாம் காலியாக இருக்கும். கணினிதான் ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேரை (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள்) அனுப்ப வேண்டும். எச்பியின் லினக்ஸ் மென்பொருளில் அதற்கான கூடுதல் இணைப்பைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். கேனன் எல்பிபி 2900 பேசுவது ‘கேப்ட்’ என்ற அந்நிறுவனத்தின் சொந்த மொழி. அதற்கான டிரைவரைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும், புதியவருக்கு அது தலைவலி. அன்றாடம் கத்தை கத்தையாக அச்சடிக்கும் இடத்தில் இந்த மாடல் இருந்தால் அந்தக் கணினியை லினக்ஸுக்கு மாற்ற நான் சொல்ல மாட்டேன்.

தமிழ். படிப்பதில் சிக்கல் இல்லை, யூனிகோடு எழுத்துருக்கள் கிடைக்கும். தட்டுவதற்கு இரண்டு வழி தெரியும். பலர் தவறான வழியில் போய் ‘தமிழ்99 சரியில்லை’ என்கிறார்கள். விசைப்பலகைப் பட்டியலில் நேராகச் சேர்க்கும் தமிழ்99-இல் விதிகள் இயங்காது. க-வை இருமுறை தட்டினால் ‘க்க’ என்று தானே புள்ளி விழ வேண்டும். ங-வையும் க-வையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘ங்க’ வர வேண்டும். அப்படி வர, மென்பொருள் மேலாளரில் ‘ஐபஸ்-எம்17என்’ தொகுப்பைச் சேர்த்து, ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழே தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். டைப்ரைட்டிங் வகுப்பில் பழகியவர்களுக்குத் தட்டச்சு முறையும், ஒலிபெயர்ப்பில் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக்கும் அங்கேயே உண்டு. படுகு மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுபவர்களுக்கும் இதுவே வழி.

பழைய கோப்புகள் வேறு பிரச்சினை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டியவை உண்மையில் ஆங்கிலக் குறியீடுகள், தமிழ் முகமூடி போட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று கண்டபடி ஆங்கில எழுத்துகள் தெரியும். இதில் லினக்ஸின் குற்றம் எதுவுமில்லை, புதிய விண்டோஸிலும் இதே கதிதான். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடுக்கு மாற ஆணையிட்டுவிட்டது. எழுத்துருக் கோப்பை வைத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் நிம்மதி. இன்னொன்று, லதா எழுத்துரு மைக்ரோசாஃப்ட்டுடையது, மின்ட்டில் இருக்காது. லதாவில் தட்டிய வேர்ட் கோப்பை லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் வேறு தமிழ் எழுத்துரு அந்த இடத்துக்கு வரும். வரிகள் நகர்ந்து, ஒரு பக்க மனு ஒன்றேகால் பக்கமாகும். அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கிவிடுவது வழக்கமாகட்டும்.

ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா என்பவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## யாருக்குத் தோது, யாருக்கு இல்லை?

வேலை முழுக்க உலாவிக்குள்ளேயே நடக்கிறது என்றால் மாற்றம் தெரியவே தெரியாது. மின்னஞ்சல், யூடியூப், அறை முன்பதிவுத் தளங்கள், 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்குத் தேவைப்படும் இ-பாஸ் பக்கம் எல்லாமே உலாவி வேலைகள். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்க்ராட்ச், ஜியோஜீப்ரா, பைத்தானும் அப்படியே. ஜூமுக்கு லினக்ஸ் செயலியே உண்டு.

டாலி விண்டோஸில் மட்டுமே ஓடும். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஆதார் கைரேகைக் கருவி வைத்து வேலை செய்யும் மையங்கள் கருவி விற்றவரிடம் எழுத்தில் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. சின்னத் தேயிலைக் கணக்குகளில் இன்னொரு வகை உண்டு: பச்சைத் தேயிலை எடைக்கும் பட்டுவாடாவுக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்த மென்பொருள். எழுதியவர் ஊரில் இல்லை, மூல நிரலும் இல்லை. ‘வைன்’ என்ற இடைநிலை மென்பொருளில் அது ஓடலாம், ஓடாமலும் போகலாம். கணக்கு வழக்கை அதில் பந்தயம் கட்டுவதைவிட, அந்தக் கணினியை விண்டோஸ் 10-லேயே விட்டு இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவது மேல்.

## நிறுவுவது என்று முடிவானால்

1. முதலில் நகல். போட்டோ, பத்திர ஸ்கேன், மார்க்‌ஷீட் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் போகட்டும். மின்ட்டில் ‘டைம்ஷிஃப்ட்’ இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். இயங்குதளக் கோப்புகளை முந்தைய நிலைக்குத் திருப்பவே அது. உங்கள் போட்டோக்களை அது இயல்பாகச் சேமிப்பதில்லை.

2. தனியாகவா, பக்கத்தில் பக்கத்திலா? இரண்டையும் வைத்துக்கொண்டால் கணினி தொடங்கும்போது எது வேண்டுமென்று கேட்கும். விண்டோஸுக்குள்ளேயே ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ வழியாக 50 முதல் 100 ஜிபி வரை சுருக்கிக் காலியிடம் விட்டு, அதில் மின்ட்டை இறக்குவது பாதுகாப்பானது. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கில் எதையும் எழுத முடியாது. பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் 10 இன்னமும் திருத்தம் வராத விண்டோஸ் 10 தான். டாலிக்கும் பிரிண்டருக்கும் மட்டும் அதில் நுழைவது நல்லது.

3. கரண்ட். தென்மேற்குப் பருவமழையில் கம்பி மீது கற்பூர மரம் சாய்ந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) அளவை மாற்றிக்கொண்டிருக்கும் நிமிடத்தில் மின்சாரம் போனால் இரண்டு இயங்குதளமும் கையை விட்டுப் போகலாம். பழைய லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது என்றால் அதுவும் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்தான். வானம் தெளிந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அப்டேட் போடும்போதும் இதே கவனம் வேண்டும். எப்போது போடுவது என்று மின்ட் உங்களிடம் விட்டுவிடுகிறது, அணைக்கும் நேரத்தில் ‘30 சதவீதம்’ என்று பிடித்து வைத்துக்கொள்ளாது.

4. கடிகாரம். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. மின்ட்டில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும். ஐந்தரை மணி நேரம் என்றில்லாமல் தேதியே பல வருடம் பின்னால் போய், எந்தத் தளமும் திறக்க மறுத்தால் அது லினக்ஸ் வேலையல்ல. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.